சூட்டுக்கு வாசல் எங்கே?

ஒரு கற்பனைப் பந்தயம் வைத்துப் பார்ப்போம். அலாஸ்காவில் பழக்கிய 14 நாய்களை மன்னாருக்குக் கொண்டுவருகிறோம். பனி கிடையாது என்பதால் சறுக்கு வண்டிக்குப் பதில் சக்கரம் வைத்த இலேசான வண்டி. மன்னார் நகரில் புறப்பட்டுப் பேசாலை வழியாகத் தலைமன்னார் போய்ச் சேரவேண்டும். ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வழி நெடுகப் பனைகள், இடையிடையே குடை விரித்தாற்போல் உடைமரங்கள், கொஞ்சம் விலகி இரு பக்கமும் கடல். காலை ஒன்பது மணி. வெப்பநிலை 31 பாகை, ஈரப்பதம் 75 சதவீதம். மன்னார்க்காரர் எவரும் இதை வெயில் என்று கணக்கெடுக்கமாட்டார்.

இந்த நாய்களுக்கு 30 கிலோமீற்றர் ஒரு தூரமே இல்லை. 1973இல் தொடங்கிய இடிட்டரொட் பந்தயத்தில் இவற்றின் இனத்தார் அங்கரேஜ் பக்கத்திலிருந்து காடு, மலை, உறைந்த ஆறு எல்லாம் கடந்து, கடைசியில் பெரிங் கடலோரமாக ஓடி நோம் நகரை அடைகிறார்கள். ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். முதல் ஆண்டு வென்றவருக்கு 20 நாள் பிடித்தது. இப்போது வெல்கிறவர்கள் ஒன்பது பத்து நாளுக்குள் முடித்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட அணி, ஓட்டக் கதியில் விட்டால், பேசாலையைத் தாண்டுமென்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

பலம் குறையவில்லை, பழக்கம் போகவில்லை, தூரமும் பெரிதில்லை. பிறகு எது தடுக்கிறது? தசை வேலை செய்யும்போது பிறக்கும் சூடுதான். ஓர் ஊரில் எந்த விலங்கு வண்டி இழுக்கும் என்பதை, அதன் கால் எவ்வளவு வலியது என்பதைவிட, உடம்பில் பிறக்கும் சூடு எந்த வாசலால் வெளியேறுகிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இந்த அத்தியாயம் அந்த வாசல்களைப் பற்றியது.

இரண்டரை நிமிடத்துக்கு ஒரு பாகை

தசை ஓர் எந்திரம் என்றால் அது சிக்கனமான எந்திரமல்ல. உண்ட உணவின் ஆற்றலில் நாலில் ஒரு பங்குதான் அசைவாகிறது. மற்ற மூன்று பங்கும் சூடாகிவிடுகிறது. ஓடுகிற விலங்கு ஓடுகிற அடுப்பும்கூட.

பந்தய நாயின் அடுப்பு எவ்வளவு பெரிது? அலாஸ்காவில் 490 கிலோமீற்றர் பந்தயம் ஒன்றில் ஓடிய நாய்களின் ஆற்றல் செலவை ஆய்வாளர்கள் அளந்து 1997இல் வெளியிட்டார்கள். அடையாளமிட்ட அணுக்கள் கொண்ட நீரைக் கொடுத்து, அது உடலைவிட்டு நீங்கும் வேகத்தைக் கொண்டு கணக்கிடும் முறை அது. நாளொன்றுக்கு ஒரு நாய் செலவிட்டது ஏறத்தாழ 11,000 கிலோகலோரி. வளர்ந்த மனிதர் ஒருவருக்கு நாளைக்கு 2,000 முதல் 2,500 போதும்; நாயோ 25 கிலோ எடைதான்.

நம் தலைமன்னார் ஓட்டத்துக்குக் குறைவாகவே வைத்துக்கொள்வோம்: ஒரு நாய்க்கு மணிக்கு 500 கிலோகலோரிச் சூடு. உடல் இழையம் ஒரு கிலோவை ஒரு பாகை சூடாக்க 0.83 கிலோகலோரி வேண்டும். 25 கிலோ நாய்க்கு அது ஏறத்தாழ 21. அதாவது சூடு வெளியே போக வழியே இல்லையென்றால் இரண்டரை நிமிடத்துக்கு ஒரு பாகை ஏறும். 38.5 பாகையில் புறப்பட்ட நாய் ஒன்பது நிமிடத்தில் 42 பாகையைத் தொடும். அதற்கு மேல் உடலின் புரதங்களும் குடலும் மூளையும் பழுதாகத் தொடங்கும். எனவே ஓடுகிற நாய் ஒவ்வொரு நிமிடமும் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும்.

முதல் வாசல் தோல். சூடு எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் கூடக்கூட வேகமாகப் போகும். அலாஸ்காவில் காற்று மறை 20 பாகை, நாய் 39 பாகை, வித்தியாசம் 59. மன்னாரில் அந்தக் காலையில் வித்தியாசம் எட்டு. நண்பகலில் 33 பாகை என்றால் ஆறு. அதே நாய், அதே ஓட்டம். ஆனால் தோல் வழியாகப் போகும் உலர் சூடு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. இதில் நாயின் கம்பளி மயிரைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இரண்டாவது வாசல் ஆவி. ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரியைத் தன்னோடு கொண்டுபோகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது இதனால்தான். ஆனால் நாய்க்குத் தோல் முழுதும் வேர்க்காது. வெப்பத்தைத் தணிக்கும் வேர்வை பாதத் திண்டுகளில் மட்டும் கொஞ்சம் சுரக்கும். ஆகவே அது இளைக்கிறது.

நாய் இளைப்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அழகான பொறியியல் தெரியும். அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 20, 30 தடவை மூச்சு விடும் நாய், சூடேறியதும் 300 தடவைக்கு மேல் போய்விடும். மெல்ல மெல்ல ஏறுவதில்லை, ஒரே தாவல். காரணம், நெஞ்சுக்கூட்டுக்கு அதற்கே உரிய ஓர் அதிர்வு வேகம் உண்டு. அந்த வேகத்தில் ஆடினால் தசைக்குச் செலவு மிகக் குறைவு. உயிரியலாளர் நட் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய குழுவினரும் 1970இல் இன்னொன்றையும் காட்டினார்கள்: இளைக்கும் நாயில் காற்று பெரும்பாலும் மூக்கால் உள்ளே போய் வாயால் வெளியே வருகிறது. மூக்குச் சுரப்பியின் நீரால் நனைந்து சூடான காற்று, மறுபடி மூக்கின் குளிர்ந்த சுவரில் பட்டுச் சூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாமல் வேறு வழியால் வெளியேறுகிறது.

இந்த அருமையான ஏற்பாட்டை மன்னார்க் காற்று பாதியாக்கிவிடுகிறது. உடல் சூட்டில் நிறைவடைந்த மூச்சுக் காற்று கன மீற்றருக்கு 46 கிராம் நீராவி கொள்ளும். மறை 20 பாகைக் காற்றில் ஏற்கெனவே இருப்பது ஒரு கிராம்தான். வாயால் வெளியேறும் ஒவ்வொரு கன மீற்றரும் 45 கிராமைக் கொண்டுபோகலாம். நம் மன்னார்க் காலைக் காற்றில் ஏற்கெனவே 24 கிராம் இருக்கிறது. மிச்சம் 22. தோல் வாசல் ஏறத்தாழ மூடி, மூச்சு வாசல் பாதி சாத்தி, உள்ளே அடுப்பு எரிகிறது. பேசாலை எட்டாத தூரமாவது இப்படித்தான்.

துருவத்தில் வேர்த்த குதிரை

கதையைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். 1911 நவம்பரில் ரொபட் ஸ்கொட் தென்துருவத்துக்குப் புறப்பட்டபோது அவரோடு 10 மட்டக்குதிரைகள் போயின. குதிரைக்கு உடல் முழுதும் வேர்க்கும். வெயில் நாட்டில் அது வரம், துருவத்தில் சாபம். ஓட்டத்தில் நனைந்த மயிர், நின்றதும் உறைந்து பனிக்கட்டிப் போர்வையாகிவிடும். காற்றுக்கு மறைப்பாக அவற்றுக்குப் பனிக்கட்டிச் சுவர் கட்டவேண்டியிருந்தது. குளம்பு பனியில் புதைந்தது. தீவனம் முழுவதையும் சுமந்து போகவேண்டியிருந்தது. 1911 டிசம்பர் 9ஆம் திகதி, பியர்ட்மோர் பனியாற்றின் அடிவாரத்தில், எஞ்சியிருந்த குதிரைகளையும் சுட்டுக் கொன்றார்கள்.

ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 14ஆம் திகதி, ரோல்ட் அமுண்ட்சென் துருவத்தில் நின்றார். அவர் தன் தளத்திலிருந்து புறப்பட்டது 52 நாய்களோடு. மீண்டது 11. வழியில் நாய்களைக் கொன்று நாய்களுக்கே உணவாக்குவது அவருடைய திட்டத்தின் ஒரு பகுதி. அதை மறைத்து நாய்களின் வெற்றியைப் பாட முடியாது. ஆனாலும் உடலியல் உண்மை மாறவில்லை: வேர்க்காத தோல் பனியில் உலர்ந்தே இருக்கும். நாய் சுருண்டு படுத்து, வாலால் மூக்கை மூடி, மேலே பனி விழுந்தாலும் உறங்கும்.

வேர்க்கும் விலங்கு துருவத்தில் தோற்றது. இளைக்கும் விலங்கு மன்னாரில் தோற்கும். ஒரே கணக்கின் இரண்டு முனைகள் இவை.

சவாரி மாடு

அப்படியானால் மன்னாரில் யார் ஓடுகிறார்கள்? பெருநிலப்பரப்பில் கட்டுக்கரைக்குளத்தின் நீர் பாயும் வயல்களில் காலபோக அறுவடை முடிந்த பிறகு விடை கிடைக்கும். யாழ்ப்பாணம், வன்னி, மன்னார் எங்கும் மக்கள் திரள்வது மாட்டு வண்டில் சவாரிக்கு. சோடி மாடு, இலேசான வண்டில், நேரான ஓட்டம். தமிழ்நாட்டில் கொங்குப் பக்கத்து ரேக்ளாவுக்கு இது உறவு. நோமுக்குப் போகும் நாய் ஒன்பது நாள் ஓடும். சவாரி மாட்டின் வேலை கைதட்டல் அடங்குவதற்குள் முடிந்துவிடும். ஓட்டம் இப்படிக் குறுகியதாக இருப்பது மாட்டின் உடலோடு ஒத்துப்போகிறது.

300 கிலோ மாட்டை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 250 கிலோகலோரி வேண்டும், நாய்க்கு 21. பெரிய உடம்பு சூட்டுக்கு ஒரு களஞ்சியம். பாய்ந்தோடும் அந்தச் சிறு பொழுதில் பிறக்கும் சூட்டை வெளியே விடாமல் உள்ளேயே வாங்கி வைத்து, ஓட்டம் முடிந்த பின் நிழலில் நின்று ஆறவிடலாம். அதே மாட்டை அதே வேகத்தில் மணிக்கணக்கில் விரட்டினால் களஞ்சியம் நிரம்பி வழியும். நெடுந்தூரம் போகும் வண்டில் மாடு நடையாகவே போவதற்கும், இரவு நேரத்தில் சுமை வண்டில் கட்டும் பழைய வழக்கத்துக்கும் இதுதான் காரணம்.

மாட்டின் தோலும் சும்மா இல்லை. திமில் உள்ள நம் மாடுகளின் மூதாதையர் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் சிந்துவெளிப் பக்கத்தில், பலுசிஸ்தானத்து மெஹர்கர் போன்ற இடங்களில் மனிதரோடு சேர்ந்தவை. ஐரோப்பிய மாட்டோடு ஒப்பிட்டால் இவற்றின் வேர்வைச் சுரப்பிகள் பெரியவை, தோலின் மேற்பரப்புக்கு அருகில் இருப்பவை. மயிர் குட்டை, வழவழப்பு. கழுத்தின் கீழே தொங்கும் அலைதாடி பரப்பைக் கூட்டுகிறது. சும்மா நிற்கும்போது உள்ளே எரியும் அடுப்பும் சிறியது. நல்ல பால் கறக்கும் ஐரோப்பிய இனம் மன்னார் வெயிலில் நின்ற இடத்தில் வாய் திறந்து இளைக்க, நாட்டு மாடு அசைபோட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

அசைபோடுவதிலும் ஒரு சூடு இருக்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் வைக்கோல் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கும். வயிறு நிறைய வைக்கோல் தின்ற மாட்டை உடனே பூட்டினால், அது ஓடத் தொடங்குமுன்பே ஓர் அடுப்பு உள்ளே எரிந்துகொண்டிருக்கும்.

தரையும் நுகமும்

நாய்க்குப் பனி செய்யும் உதவியை மாட்டுக்கு எது செய்கிறது? இறுகிய பனியில் சறுக்குக் கட்டைக்கு உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் சின்ன நாய்கள் கூடிப் பெரிய சுமையை இழுக்கின்றன. உலர்ந்த கடற்கரை மணல் இதற்கு நேரெதிர். சக்கரம் புதையும்; புதைந்த சக்கரம் எப்போதும் தன் முன்னே ஒரு மணல் மேட்டை ஏறிக்கொண்டே இருக்கும். மாட்டு வண்டிலின் சக்கரம் ஆள் நெஞ்சளவு உயரமாக இருப்பது அழகுக்காக அல்ல. வட்டம் பெரிதாக இருந்தால் ஏறவேண்டிய மேடு சாய்வாகிவிடும். சவாரிக்கோ தரவையைத் தேடுகிறார்கள். மழையில் நீர் தேங்கி, கோடையில் வற்றி இறுகிய வெளி அது. சக்கரம் அதில் இலகுவாக உருளும்.

பூட்டும் முறையையும் நிலமே வகுக்கிறது. மரமே இல்லாத கிரீன்லாந்தின் உறைபனியில் ஒவ்வொரு நாய்க்கும் தனிக் கயிறு. அணி விசிறிபோல் விரிந்து ஓடும். பனியில் வெடிப்பு வந்தால் ஒரு நாய் விழுந்தாலும் மற்றவை தப்பும். அலாஸ்காவின் காட்டுப் பாதையில் விசிறி விரித்தால் ஆளுக்கொரு மரத்தைச் சுற்றிக்கொள்ளும். எனவே நடுவே ஒரே கயிறு, இரு பக்கமும் இரண்டிரண்டாக நாய்கள். முன்னே ஓடும் தலைநாய் வண்டியோட்டியின் குரலைக் கேட்டு இடமும் வலமும் திரும்பும். கடிவாளம் கிடையாது. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு உண்டு, கழுத்தில் நுகம் உண்டு. திமிலுக்கு முன்னால் நுகம் தானாகவே அமர்ந்துகொள்ளும். அதே நுகத்தைக் கழுதையின் மேல் வைத்தால் வழுக்கும், அழுத்தும், புண்ணாக்கும். கழுதைக்கு நெஞ்சுப்பட்டைதான் சரி.

பெருக்கமரத்தின் ஊர்க்காரர்

கழுதையைப் பேசாமல் மன்னாரைப் பேச முடியாது. பேருந்து நிலையத்திலும் கடைத்தெருவிலும் சுவரோர நிழலிலும் உரிமையாளர் இன்றி நிற்கும் இவற்றை அராபிய வணிகர் கொண்டுவந்ததாக ஊர் சொல்கிறது. பள்ளிமுனையில் நிற்கும் பருத்த பெருக்கமரத்துக்கும் இதே கதை உண்டு. யார் கொண்டுவந்தாலும் இருவருக்கும் பூர்வீகம் ஆபிரிக்கா. கழுதையை மனிதர் பழக்கியது ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆபிரிக்காவில் என்று 2022இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது.

பாலைவனத்தின் விலங்கு என்பதால் அதற்கு இரண்டு வாசலும் திறந்திருக்கின்றன: தோலாலும் வேர்க்கும், நீண்ட காதுகளின் மெல்லிய தோலாலும் சூடு போகும். ஆனால் வேர்வைக்கு விலை தண்ணீர். ஷ்மிட்-நீல்சன் 1950களில் சகாராவில், ஒட்டகத்தையும் கழுதையையும் பக்கம்பக்கமாக வைத்து ஆராய்ந்தார். கழுதை தன் உடல் எடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நீரை இழந்தும் நின்றது. தண்ணீர் வைத்ததும் சில நிமிடத்தில் இழந்த அத்தனையையும் குடித்து முடித்தது. மனிதர் பத்தில் ஒரு பங்கை இழந்தாலே தடுமாறுவார். இழந்ததை ஒரே மூச்சில் குடிக்கவும் மாட்டார். மன்னாரில் குழாயடிக் கசிவைக் கண்ட கழுதை தலை நிமிராமல் குடிப்பதைப் பேராசை என்று நினைக்கவேண்டாம். கிடைக்கும்போது முழுதும் வாங்கிக்கொள்ளப் பழகிய உடல் அது.

கழுதையின் பிடிவாதம் பெயர் பெற்றது. உடலியல் கண்ணால் பார்த்தால் அது அறிவுடைமையாகத் தெரியும். குதிரை மிரண்டால் ஓடும். கழுதை நின்று யோசிக்கும். சுமை மிஞ்சினால், சூடு ஏறினால், அது நகராது.  

இன்று மன்னார்க் கழுதைக்கு இழுக்க வண்டி இல்லை. வீதியில் வாகனம் மோதுகிறது. குப்பையில் பொலித்தீன் வயிற்றுக்குப் போகிறது. பிரிட்ஜிங் லங்கா என்ற தொண்டு நிறுவனம் இவற்றுக்கென்று மன்னாரில் ஒரு சிகிச்சை, கல்வி நிலையம் அமைத்தது. வெயிலையும் தாகத்தையும் வென்ற உடல் லொறியின் முகப்பு விளக்குக்கு ஆயத்தப்படவில்லை.

கரையில் படுத்திருப்பவர்

நாய்க்கு மன்னாரில் இடமே இல்லையென்று எண்ணிவிடக்கூடாது. பேசாலைக் கரையில் மதியம் போய்ப் பாருங்கள். வலை காயும் இடத்தில், இழுத்து வைத்த வள்ளத்தின் நிழலில், செம்மஞ்சள் நிற நாயொன்று முன்னங்காலால் மணலைப் பறிக்கும். மேல்மணல் சுடும், ஒரு சாண் ஆழத்தில் ஈரம். அந்தக் குழியில் வயிறு படும்படி, பின்னங்கால்களை நீட்டிப் படுத்துக்கொள்ளும். மயிர் குறைந்த அடிவயிறு ஈரமணலில் பட, சூடு நேரே தரைக்குள் இறங்குகிறது. ஒல்லி உடம்பு, குட்டை மயிர், நீண்ட கால், எழுந்த காது. எடைக்கு ஏற்ற பரப்பு கூடுதல். பனிநாட்டு நாய் இதற்கு மறுதலை: திரண்ட உடல், சிறிய காது, இரட்டை மயிர். குளிர்நாட்டில் உடல் பருத்து உறுப்புகள் குறுகுவதும், வெயில் நாட்டில் உடல் மெலிந்து உறுப்புகள் நீளுவதும் விலங்குலகில் பரவலாகக் காணும் போக்கு.

பேசாலை நாயும் இளைக்கத்தான் வேண்டும். தோல் முழுதும் வேர்க்கும் வரம் அதற்கும் கிடைக்கவில்லை. அதன் உத்தி வேறு. பகலில் உழைக்காது. விடியலில் கரைவலை ஏறும்போதும் இரவிலும்தான் அதன் நடமாட்டம்.

யார் நிறுத்துவது?

இழுக்கும் விலங்குகளில் நாய்க்கு ஒரு தனி ஆபத்து உண்டு. ஓடுவது அதற்கு ஆசை. கூட்டத்தோடு ஓடும்போது சூடு தலைக்கேறினாலும் தானாக நிற்காது, வண்டியோட்டிதான் நிறுத்தவேண்டும். மாடு தானாக வேகத்தைக் குறைக்கப் பார்க்கும். அடியும் குத்தும் அந்த எச்சரிக்கையை அமுக்கிவிடும். வலியில் பெருகும் அட்ரினலின் சூட்டைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. இலங்கையில் விலங்கு வதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. இரக்கத்துக்காக எழுதிய சட்டத்துக்கு உடலியலும் சாட்சி சொல்கிறது.

பனிநாட்டார் இதை இப்போது அவசரமாகக் கற்கிறார்கள். பனி போதாமல் இடிட்டரொட்டின் புறப்பாடு 2003, 2015, 2017, 2025 ஆகிய ஆண்டுகளில் வடக்கே ஃபெயார்பாங்க்ஸுக்கு மாறியது. பனியே விழாத கரையோரக் காடுகளில், மண் பாதையில், சக்கர வண்டியில் நாய்களை ஓட்டும் பந்தயங்களும் பெருகியுள்ளன. அங்கே விடியலில் ஓட்டுகிறார்கள். வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் அளந்து, மிஞ்சினால் தூரத்தைக் குறைக்கிறார்கள், அல்லது ஓட்டத்தையே விட்டுவிடுகிறார்கள்.

மன்னாருக்கு அந்த இரண்டாவது அளவு இன்னும் முக்கியம். 36 பாகை, 40 சதவீத ஈரப்பதம் உள்ள உலர்ந்த வன்னி நண்பகலில், ஆவியாதலால் எவ்வளவு குளிரலாம் என்பதைக் காட்டும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 25 பாகையளவில் நிற்கும். நம் 31 பாகை, 75 சதவீத மன்னார்க் காலையில் அது 27ஐக் காட்டும். ஆவி வாசல் அதிகம் அடைபட்டிருப்பது வெயில் குறைந்த மன்னார்க் காலையில்தான். சோளகம் வீசினால் தோலைச் சூழ்ந்த ஈரக்காற்று விலகும். அது நின்ற நாளில் நிலைமை இன்னும் மோசம். ஆகவே சவாரித் திடலில் வெயிலை மட்டும் பார்த்து நேரம் குறிப்பது போதாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று, காற்றின் வேகம், தொட்டியில் தண்ணீர், ஓட்டங்களுக்கு இடையே நிழலில் ஆற விடும் நேரம்: இந்த நான்கையும் கவனித்தால் மாடு மறு வருடமும் ஓடும். நுகத்தின் கீழ் நிற்கும் விலங்கால் இவற்றில் ஒன்றையும் தானாகத் தேடிக்கொள்ள முடியாது. பூட்டியவர்தான் பார்த்துக் கொடுக்கவேண்டும்.